தரையைத் தொடாத மெஷின்

புதர் வெட்டும் மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது விவசாயத்தின் மேலிருந்த ஆசையால் அல்ல. என் வீட்டுக்காரரை ஊருக்கு வரவழைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவருக்கு மஸ்கட்டில் வேலை. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் வருஷா வருஷம் ஒரே பல்லவிதான். "நெலம் பூரா காடா கெடக்கு. வந்து நான் என்ன பண்றது? சுத்தம் பண்ணி வச்சிட்டுச் சொல்லு, அடுத்த பிளைட்டுல வந்துர்றேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வேதாரண்யம் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கோடியில் இருக்கிறது எங்கள் வயல். கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடம். தண்ணீர் வராத வருஷங்களில் தரிசாகப் போட்டோம். வந்த வருஷங்களில் இறங்க ஆள் இல்லை. கோரையும் எருக்கும் சீமைக்கருவேலக் கன்றுகளுமாகச் சேர்ந்து வயலைப் பிடித்துக்கொண்டன. ஊர்க்காரர்களை அரிவாளோடு வரச்சொல்லிக் கூப்பிட்டால் பாம்பு என்பார்கள், முள் என்பார்கள், கடைசியில் பார்க்கலாம் என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கொழுந்தனாரிடம் டிராக்டர் இருக்கிறது. சேறடிக்கவும் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஓட்டவும் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புதர் வெட்டும் மெஷின் ஒன்று இருப்பதைப் போனில் வீடியோவாகக் காட்டியவரும் அவர்தான்.

வைகாசிக் கடைசியில் தஞ்சாவூர் போய் வாங்கினோம். கடையில் கேள்வி கேட்பது நான், பதில் போவது கொழுந்தனாருக்கு. எவ்வளவு தடிமன் வரை வெட்டும் என்று கேட்டேன். "மணிக்கட்டுத் தண்டி முள்ளு வரைக்கும் அசால்ட்டா போகும் சார்" என்றார் கடைக்காரர், அவரைப் பார்த்து. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால் அது.

மறுநாள் கடையின் மெக்கானிக் வந்து மாட்டிக் கொடுத்தார். டிராக்டரின் பின்னால் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளிலும் பூட்டி, மேலே இணைப்புக் கம்பியை முறுக்கி, டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுபோகும் தண்டு எங்கள் வண்டிக்கு நீளமாக இருக்கிறதென்று அளந்து அறுத்து, கியர் பாக்ஸில் எண்ணெய் ஊற்றி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மோரும் ஸ்பேனரும் மாறி மாறிக் கொண்டுபோய்க் கொடுத்ததில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. கிளம்பும்போது மெக்கானிக் சொன்னார்: "கத்தி தரையத் தொடக்கூடாதுங்க. ஒரு சாண் மேலயே ஓடட்டும்." கொழுந்தனார் பலமாகத் தலையாட்டினார்.

எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கி, கற்பூரம் காட்டி, மெஷினை வயலில் இறக்கினார். இறக்கினார் என்றால் நிஜமாகவே இறக்கினார். காலமெல்லாம் சேற்றுக்குள் இரும்பை விட்டுப் பழகிய கை. டிராக்டருக்குப் பின்னால் எதை மாட்டினாலும் அது மண்ணுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். நெல்லைத் தவிர வேறு அறியாத எங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் மண்ணை வாரி இறைத்தது. டமாரென்று ஒரு சத்தம். கத்தி நின்றுவிட்டது. பாரம் மிஞ்சினால் கியர் பாக்ஸைக் காப்பாற்றுவதற்காகத் தானே உடைந்துகொள்ளும் சின்ன போல்ட் ஒன்று அதில் உண்டு. அது போயிருந்தது.

வேறு போல்ட் போட்டு மறுபடி இறக்கினார். மறுபடி உடைந்தது. வரப்பில் வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்துவிட்டது. அரிவாளோடு கூப்பிட்டபோது வராத அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

"தம்பி, தூக்கி ஓட்டச் சொன்னாருல்ல?"

"தூக்கி ஓட்டுனா அடிக்கட்டை நிக்கும் அண்ணி. அரைகுறையா செரச்ச மாதிரி இருக்கும். ஊர்ல சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன, அழுவுறாங்களா?"

கூடக் கொடுத்த போல்ட்டெல்லாம் தீர்ந்ததும், உடையாத மாதிரி கெட்டியான போல்ட் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று கிளம்பினார். அது உடையாதுதான், கியர் பாக்ஸ் உடையும். மெஷின் மூலையில் உட்கார்ந்தால் வயல் காடாகவே கிடக்கும், காடாகக் கிடந்தால் என் வீட்டுக்காரர் வரமாட்டார். எனக்கு அழுகை வந்தது. கொழுந்தனாரிடம் அதையா சொல்ல முடியும்? போய், வீட்டுச் சுவரோரம் கிடந்த செங்கற்களைக் கொண்டுவந்து ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் மெஷினை உட்காரவைக்கச் சொன்னேன். அதற்குக் கீழே இறங்காதபடி டிராக்டரோடு சங்கிலி போட்டு இழுத்துப் பூட்டவைத்தேன்.

"இனிமே நீங்களே நெனச்சாலும் எறங்காது தம்பி."

முறைத்தார். ஆனால் அதே அளவு போல்ட்டைத்தான் வாங்கி வந்தார்.

அதற்கப்புறம் ஓடியது. டிராக்டர் கிளம்புவதற்கு முன்னால் கம்போடு புதருக்குள் நடந்து, கல்லையும் பாட்டிலையும் பொறுக்குவதும், சர்வே கல் தெரிந்தால் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவதும் என் வேலை. குதிகாலில் முள், உடம்பெல்லாம் அரிப்பு. சாயங்காலம் சோற்றைப் பிசையக் கை வராது. பாதி முடிந்ததும் போனில் என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன்.

"என்ன, அடிக்கட்டை நிக்குது? தரையத் தொடாம என்ன வெட்டு அது?"

"நீங்க இத்தன வருஷமா தரையத் தொடாமதான வெள்ளாமை பேசுறீங்க?"

சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் எனக்குக் களைப்பு கொஞ்சம் குறையும். அது என் பலவீனம்.

முழுவதும் முடிந்த அன்று போனைப் பிடித்துக்கொண்டு வரப்பு நெடுக நடந்தேன். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிந்தது. புதருக்குள் புதைந்து கிடந்த வாய்க்கால் மதகுகூடத் தெரிந்தது. மதகை இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தார் அவர்.

"டிக்கெட் எப்ப போடுறீங்க?" என்றேன்.

"மெஷின் வாங்கி, மாட்டி, ஓட்டவும் வச்சிட்ட. நீயே எல்லாத்தையும் பாத்துக்கிறியே! நான் வந்து புதுசா என்ன பண்ணப்போறேன், சொல்லு? இன்னொரு ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துர்றேனே."

மனதாரப் பாராட்டித்தான் சொன்னார். அதனால் சண்டைகூடப் போட முடியவில்லை. சரிங்க என்று போனை வைத்தேன்.

கொழுந்தனார் மெஷினுக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணன் எப்ப வர்றாராம் அண்ணி?"

"வெதைக்க ஆள் பாருங்க தம்பி" என்றேன்.