ஐந்தாவது பீரியடில் ஐந்து நிமிடம்

தொண்ணூற்றாறில் எனக்குத் திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்தது. பெண்கள் பள்ளி, எட்டாம் வகுப்பு, கணக்கு. மாடியில் ஒரே அறையில் அறுபத்து நான்கு பெண்கள். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்து வரும் ஐந்தாவது பீரியட் என் தலையில் விழுந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் அதை விரும்பி எடுக்கவில்லை என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. காலையிலிருந்து மலைப்பாறை வாங்கி வைத்த சூட்டையெல்லாம் அந்த நேரத்துக்குத்தான் ஊர் பக்கம் திருப்பி அனுப்பும். நான் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருக்கும். விழித்திருந்தவர்களின் கண்ணிலும் நான் இல்லை.

விளையாட்டு பீரியட் என்று வாரத்தில் இரண்டு அட்டவணையில் இருந்தது. அதை நாங்களே பங்கு போட்டுக்கொண்டோம். ஒன்று அறிவியல் டீச்சருக்கு, ஒன்று எனக்கு. போர்ஷன் முடிய வேண்டும் அல்லவா. காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை அந்தப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் கொட்டாவி விட்ட ஒரு பெண்ணைத் தண்டனையாக எழுந்து நிற்கச் சொன்னேன். நின்று இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். “டீச்சர், மூணாவது வரியில மைனஸ் வரணும்” என்றாள். வகுப்பில் வேறு யாரும் பார்க்காத தப்பு. நானும் பார்க்கவில்லை. நிற்பதால்தான் அவள் விழித்திருக்கிறாள் என்று தோன்றியது. மறுநாள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன், தண்டனையாக அல்ல. கையைத் தலைக்கு மேலே தூக்கி இறக்குவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, நின்ற இடத்திலேயே ஓடுவது. நான் படித்த காலத்து டிரில்லில் நினைவிருந்தது அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கழித்து உட்காரச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்கள். அன்று பீரியட் முடியும் வரை ஒரு தலையும் சாயவில்லை.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். அவர் அறை எங்கள் வகுப்புக்கு நேர் கீழே.

“மேல என்ன டீச்சர் நடக்குது? டீயில சுண்ணாம்பு விழுது.”

சொன்னேன். டீ டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“போர்ஷன் முடிச்சிடுவீங்களா?”

“முடிச்சிடுவேன் மேடம். முன்னல்லாம் ஒரே கணக்கை மூணு தடவை போட வேண்டியிருந்தது. இப்ப ஒரு தடவை போதும்.”

“அப்ப செய்ங்க. குதிக்க மட்டும் வேணாம்.”

அதிலிருந்து சத்தமில்லாமல் செய்தோம். குதிகாலை உயர்த்தி இறக்கும்போது வாய்ப்பாடு சொல்வார்கள். பதினேழாம் வாய்ப்பாடு எனக்கே சரியாக வந்தது அப்போதுதான்.

இரண்டாவது பெஞ்ச் ஓரத்தில் அடி அண்ணாமலையிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் நாற்பது எண்ணும்போது அவள் பத்தில் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் கேட்டேன்.

“முடியல டீச்சர்.”

“எல்லாரும் செய்யறாங்க. உனக்கு மட்டும் என்ன? சோம்பேறித்தனம்தானே?”

வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து நின்றாள். அதற்கப்புறம் உட்காரவே இல்லை. நான் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் வாய்ப்பாடு நடுவில் நின்றது. அவள் பெஞ்சுகளுக்கு நடுவே சரிந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. தூக்கினேன், எடையே இல்லை. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்து முதலில் சொன்னது, “செய்யறேன் டீச்சர்” என்பதுதான். அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

தலைமை ஆசிரியையும் நானும் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் கேட்டார், மறுபடி நெஞ்சில் வைத்தார்.

“ஹார்ட்ல ஒரு சத்தம் கேக்குது. ரத்தம் எடுத்துக்கறேன். ஆனா வேலூருக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. தள்ளிப் போடாதீங்க.”

அவள் அம்மா வந்து சேர்ந்தபோது சேலையில் வயல் மண் உதிராமல் இருந்தது. கடலைக் களை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நேராக வந்திருந்தார். டாக்டர் சொன்னதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் தலைமை ஆசிரியை, “இப்போதைக்கு நிறுத்திடுங்க டீச்சர்” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆசிரியர் அறையில் ஒருவர், “நமக்கெதுக்கு பி.டி. டீச்சர் வேலை” என்று பொதுவாகச் சொன்னார். மூன்று நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். இதயம் பழுதான பிள்ளையை நிற்க வைத்து, ஓட வைத்து, சோம்பேறி என்றும் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது. வகுப்பும் பழையபடி ஆயிற்று. தலைகள் சாய்ந்தன. நான் எழுப்பவில்லை.

நான்காம் நாள் இடைவேளையில் அவள் அம்மா மாடிப்படி ஏறி வந்தார். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். கையில் பெரிய கவர்.

“ஹார்ட்டு நல்லா கீதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர்.”

எனக்குக் கேட்டது, ஆனால் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“அப்ப அந்தச் சத்தம்?”

“ரத்தம் ரொம்ப கம்மியாம். இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லியாம். ரத்தம் கம்மியானா அப்பிடித்தான் கேக்குமாம். மாத்திர குடுத்துகிறாங்க. சரியாப் பூடும்னு சொன்னாங்க.”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மாசா மாசம் பத்து நாளு, பன்னெண்டு நாளு போயிகிது டீச்சர். எங்கிட்டகூட சொல்லல. எல்லாருக்கும் இப்பிடித்தான் போலன்னு இருந்துகினா.”

“நான் அவளைச் சோம்பேறின்னு சொன்னேம்மா. எல்லார் முன்னாடியும்.”

“சொன்னா. நானுந்தான் வூட்ல அதையே சொல்லிகினு இருந்தேன்.” கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “நீங்க நிக்க வெக்கலன்னா இன்னும் எத்தினி மாசம் இப்பிடியே ஒக்காந்துகினு இருந்திருப்பாளோ. யாருக்குத் தெரியும்.”

அன்று மதியம் டப்பாவில் இருந்த தயிர் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அவர் சொன்னதைத் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இவ ஒருத்தியாத்தான் இருப்பான்னு நெனைக்கிறீங்களா?” என்றார். அவரே சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பேசினார். இரண்டு நர்ஸ் அம்மாக்கள் வந்து ஒரு நாள் முழுக்க விரலில் குத்திப் பார்த்தார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் நான் நினைத்ததைவிட அதிகம் பேருக்கு ரத்தம் குறைவாக இருந்தது. காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று நர்ஸ் கேட்டபோது பின்னாலிருந்து முன்னால் வரை கைகள் எழுந்தன. பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு தலைமை ஆசிரியையே மேலே வந்து, “ஆரம்பிங்க” என்றார். இந்த முறை நான் ஒரு விதி வைத்தேன். முடியாதவர்கள் உட்காரலாம், காரணம் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து உட்கார்ந்தவளை மூன்றாம் நாள் வராந்தாவில் தனியாகக் கேட்பேன். அப்படிக் கேட்டதில் ஒருத்திக்குக் காலில் முள் இருந்தது, ஒருத்திக்குச் செருப்பு அறுந்திருந்தது, ஒருத்திக்கு உண்மையிலேயே சோம்பல். அவளும் உட்காரட்டும் என்று விட்டேன். நாலு நாளில் தானே எழுந்தாள்.

மார்க் ஏறியதா என்று கேட்டால் நான் கணக்கெடுத்து வைக்கவில்லை. நோட்டில் வரி விட்டு எழுதுவது குறைந்தது. போர்டைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுவது குறைந்தது. கேள்வி கேட்டார்கள், ஐந்தாவது பீரியடில். வருடக் கடைசியில் மாடிப்படியை நிற்காமல் ஏறி வந்துவிட்டுச் சாதாரணமாகப் பேசினார்கள். நான்தான் நடுவில் நின்று ஏறினேன்.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். முதலில் கையை மட்டும் தூக்கினாள். பிறகு பத்து, பிறகு இருபது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது வெட்கமாகிவிட்டது, “பரவால்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

அரைப் பரீட்சை முடிந்த நாள், சாயங்காலம் நான் பஸ் நிலையம் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலை போகும் டவுன் பஸ் ஒன்று புறப்பட்டு நகர்ந்தது. புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் பின்னாலேயே ஓடினாள். தாவணி பறந்தது. கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தினார். அவள் ஏறித் திரும்பியபோதுதான் முகத்தைப் பார்த்தேன். வேர்த்து, சிவந்து, நன்றாக இருந்தது. ஓடுகிற பஸ்ஸின் பின்னால் ஓடுவது தப்பு என்று அடுத்த நாள் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.