நொய் போடாத களி

வண்டி ஓட்டுகிறவனிடம் இப்போது யாரும் வழி கேட்பதில்லை, அது போனிலேயே வந்துவிடுகிறது; சாப்பிட எங்கே போகலாம் என்றுதான் கேட்கிறார்கள், நாம் சொன்ன பிறகு நம்ப மறுக்கிறார்கள்.

அன்று வண்டியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயந்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். பெங்களூரில் ஒரு கல்லூரியின் இசைப் பிரிவுக்கு ஆடிஷனில் பாடிக் காட்ட வந்தவள். அவள் அப்பா சண்முகம், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர். அவருடைய அக்கா ருக்மணியம்மா, தாயில்லாத அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்த அத்தை. பிறகு நான். ஆக நான்கு பேர். ருக்மணியம்மாவின் மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கும் இருந்தது. ராத்திரி ரயிலில் சாப்பிட இருபத்து நான்கு பொடி இட்லி. அதைத் தொடக் கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்.

தேர்வானால் கட்டணம் பாதி, ஹாஸ்டலும் உண்டு. ஆகாவிட்டால் திங்கட்கிழமை முதல் ஊரில் ஷூ கம்பெனி. அங்கே பெயர் கொடுத்தாகிவிட்டது. நான் கேட்காமலே சண்முகம் இதை ஸ்டேஷன் வாசலில் சொன்னார்.

பாதி வாடகை

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினால் சில ஓட்டல்களில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம், கிளம்பும்போது கையிலும் ஏதாவது வைப்பார்கள். அந்தச் செலவு பயணிகள் பில்லில் ஏறும். ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு இது தெரியும். பிடிக்காதவர்களுக்கும் தெரியும் என்பதுதான் நம் கஷ்டம். நான் அந்த ஓட்டல்களுக்குப் போவதில்லை. அதை வாயைத் திறந்து சொன்னால் போகிறவன் மாதிரியே தெரியும் என்பதால் சொல்வதுமில்லை.

தொம்மலூரில் நான் தினமும் காலையில் நிற்கிற சின்ன ஓட்டலுக்கு அவர்களை அழைத்துப் போனேன். கல்லாவில் இருந்தவர் பழக்கத்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ருக்மணியம்மா அதைப் பார்த்துவிட்டார். ஈஜிபுராவில் எங்கள் தெருவில் இருக்கும் அவர்கள் ஊர்க்காரர் கேட்டுக்கொண்டதால்தான் நான் பாதி வாடகைக்கு வந்திருந்தேன். அதையும் சேர்த்து ருக்மணியம்மா தம்பியிடம் என் காதுபடவே சொன்னார்: "பாதி வாடகைக்கு ஒருத்தன் வரான்னா, மீதிய எங்கியோ வாங்கறான்னு அர்த்தம்டா."

சாம்பார்

அந்த மாதிரிக் கடைகளில் முதலில் காசு கட்டி, சீட்டு வாங்கி, நாமே தட்டை எடுத்து வந்து நின்றபடி சாப்பிட வேண்டும். ருக்மணியம்மா சுவரோரக் கல்லில் உட்கார்ந்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் எனக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கேட்கவில்லை. மூன்று தட்டு இட்லியை சண்முகமே தூக்கி வந்தார்.

இந்த ஊர் சாம்பாரில் வெல்லம் இருக்கும். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் முன்கூட்டியே சொல்வது வழக்கம். அன்று கூச்சத்தில் விட்டுவிட்டேன். அந்தம்மா விரல் நுனியில் தொட்டு முகர்ந்து பார்த்தார், நாக்கில் வைக்கவில்லை. தட்டைத் தம்பி பக்கம் தள்ளினார். ஜெயந்தி, "பாடணும், வயிறு காலியா இருந்தாத்தான் நல்லது" என்று தன் தட்டையும் தள்ளினாள். கடைசியில் காலியான மூன்று தட்டும் சண்முகத்தின் முன்னால் இருந்தன. கை கழுவும் இடத்தில் அந்தம்மா எனக்குத் தீர்ப்புச் சொன்னார்: "பாயசத்துல முருங்கைக்காய வெட்டிப் போட்டுட்டு சாம்பார்ன்றான்."

கதவு திறந்தவர்கள்

பத்து மணிக்கு என்று சொல்லியிருந்த முறை பதினொன்றானது, பிறகு ஒன்றானது. கடைசியில் மதியம் மூன்றுக்கு வரச் சொன்னார்கள். கல்லூரியைச் சுற்றி இருந்ததெல்லாம் கண்ணாடிக் கதவுக் கடைகள். நான் வண்டியை ஓரம் கட்டி இங்கே வேண்டாம் என்று சொல்வதற்குள், இறங்கிவிட்ட சண்முகத்துக்கு ஒரு வாசலில் நின்றவர் கடைக் கதவைத் திறந்துவிட்டார். மரியாதையாகத் திறந்த கதவுக்குள் போகாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெனு அட்டையை சண்முகம் மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார், கீழிருந்து மேலே ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு சூப் வந்தது. ஜெயந்தி அத்தை பக்கம் நகர்த்தினாள், அத்தை ஜெயந்தி பக்கம் நகர்த்தினார். நடுவில் அது ஆறிப்போனது. பரிமாறியவர் நடுவயது ஆள். பில்லை வைக்கும்போது குனிந்து தமிழில் பேசினாராம். வெளியே வந்த சண்முகம் அதை அப்படியே என்னிடம் சொன்னார்: "அண்ணா, இங்க வேலை செய்யற நாங்களே இங்க சாப்பிடறதில்ல, பின்னாடி சந்துல மஞ்சுளக்கா மெஸ்ஸு இருக்குது, போங்க."

சந்துக்குள்

போகும் வழியில் வண்டிக்குள் ஜெயந்தி ஒரு வரி பாடிப் பார்த்தாள். மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. இழை அறுந்தால் தறியில் சட்டென்று ஒரு அமைதி வருமே, அந்த மாதிரி. நெசவுக்காரரான சண்முகம் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மஞ்சுளக்கா மெஸ்ஸில் கல்லூரி வாட்ச்மேன்களும் துப்புரவுப் பெண்களும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சண்முகம் சாப்பாடு மூன்று சொன்னார். ருக்மணியம்மா வேண்டாம் என்றார். ஈ மொய்க்கிறதாம். நான் பார்த்தவரை ஒரு ஈகூட இல்லை. அப்போதுதான் நான் பேசினேன். பயணிகளின் வீட்டு விஷயத்தில் நான் வாய் திறப்பதே இல்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"காலைலேர்ந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடலம்மா. நீங்க சாப்பிடலன்னுதான் பொண்ணும் சாப்பிடல."

அந்தம்மா என்னை முறைத்தார். பிறகு ஜெயந்தியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தபடி, "அத்த சாப்பிட்டா நான் சாப்பிடறேன்" என்றாள்.

"நான் எப்டிடி சாப்பிடுவேன்? நீ பாடி முடிக்கிற வரைக்கும் அரிசி தொட மாட்டேன்னு அம்மன்கிட்ட சொல்லியிருக்கேன்."

"அப்ப காலைல பூரி சாப்பிட்டிருக்கலாமேக்கா" என்றார் சண்முகம்.

"இட்லி எடுத்த கையாலதான் பூரியும் எடுக்கறான். பாத்துகினுதான இருந்தேன்."

மஞ்சுளக்கா கன்னடக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டபடியே ஒரு பித்தளைத் தட்டில் ராகி முத்தே ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். வெந்த ராகி மாவு உருண்டை, பக்கத்தில் கிண்ணத்தில் மிளகுச் சாறு.

"இன்னாது, நம்ம களி" என்றார் ருக்மணியம்மா. "இதுலயும் அரிசிதாம்மா. நொய் போட்டுத்தான களி கிண்டணும்?"

"உங்க ஊர்ல நொய் போடுவீங்க. நம்ம முத்தேல அக்கி ஹாக்கல்ல, அரிசி போடறதில்ல. ஒரு காளு கெடையாது. மாவும் தண்ணியும் மட்டும்தான். சோறு அந்த அடுப்பு, இது இந்த அடுப்பு, கரண்டியும் வேற."

ருக்மணியம்மா எழுந்து போய் இரண்டு அடுப்பையும் பார்த்தார். கரண்டிகளைப் பார்த்தார். முத்தேயைக் கிள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, நொய் இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி அம்மனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஒரு துண்டைச் சாற்றில் தோய்த்து முதலில் ஜெயந்தியின் வாயில் வைத்தார். அடுத்ததைத் தானும் விழுங்கினார். பெண் இரண்டு கிண்ணம் சாறு குடித்தாள். காது மடல் சிவக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு குடித்தாள். அந்தம்மா ஒரு உருண்டையை முடித்து, இன்னொன்றுக்குக் கை நீட்டியபடி சொன்னார்: "களி துன்றதுக்கா இம்மாந் தூரம் ரயிலேறி வந்தோம், சண்முகம்?"

மணி

ஆடிஷன் அறைக்குள் யாரையும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம், முடிந்ததும் உள்ளே மேஜை மணி அடிக்கும். வாசலில் நின்ற எனக்கு மணிதான் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. சிலருக்கு அது சீக்கிரமே அடித்தது. அப்படிப்பட்டவர்கள் வெளியே வரும்போது பெற்றோர்கள் எதுவும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டார்கள்.

ஜெயந்தி உள்ளே போனதும் சண்முகம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றார். ருக்மணியம்மா தூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். மணி அடிக்கவில்லை. வெகு நேரம் அடிக்கவில்லை. மெஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் சாப்பிட்ட வாட்ச்மேன்தான் அந்த அறைக் கதவில் நின்றிருந்தார். அவர் எங்களிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "மணி மேல கைய வெச்சிட்டு அப்டியே கேட்டுக்கிட்டு இருக்காங்க."

தூக்கு

ஆறு மணிக்குப் பலகையில் பெயர்களை ஒட்டினார்கள். ஜெயந்தியின் பெயர் கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. சண்முகம் அதை விரலால் தொட்டார், பிறகு மறைப்பதாக நினைத்து விரலை எடுத்துக்கொண்டார். ஷூ கம்பெனி சூப்பர்வைசருக்கு எப்படிச் சொல்வது என்று வண்டியில் ஏறும் வரை கவலைப்பட்டார்.

ராத்திரி வரை காத்திருக்கவில்லை. ஸ்டேஷன் வெளியே வண்டியை நிறுத்தியதும் ருக்மணியம்மா தூக்கைத் திறந்தார். சண்முகம் எட்டு. ருக்மணியம்மா ஏழு, அதில் முதல் இரண்டை மெல்லவே இல்லை. ஜெயந்தி ஆறு. சாப்பிட்டு முடித்து, நான் கதவைத் திறந்துவிட்டபோது, அந்தம்மா மூடியில் மிச்சத்தை வைத்து என் கையில் கொடுத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஆளுங்கள களிக் கடைக்கு இட்டும் போனதுக்கு இதான் உன் கமிஷன், டிரைவரே. மூடியத் திருப்பிக் குடு."

இத்தனை வருடமாக ஆட்களைச் சாப்பாட்டுக் கடைகளில் இறக்கி நான் வாங்கிய கமிஷன், பொடி தடவிய இட்லி மூன்று.