சுகந்தி டீச்சரின் நூல் வரைபு

பாடசாலையில் காலைப் பிரார்த்தனை முடிவதற்குள் தெமோதரையிலிருந்து செய்தி வந்துவிட்டது. சுகந்தி டீச்சர் இறந்துவிட்டார். நெஞ்சுவலியில் துடித்தவரை ஏற்றிப்போக, தோட்டத்து லொறி தேயிலைக் கொழுந்தை இறக்கிவிட்டு வரும்வரை தொழிலாளர் லயத்து வாசலில் வைத்துக் காத்திருந்தார்களாம். கொழுந்து கெட்டுவிடக் கூடாது அல்லவா.

பதுளையில் நானும் அவரும் ஒரே பாடசாலையில் கணிதம் கற்பித்தோம். லயத்திலிருந்தே படித்துப் பட்டம் பெற்றவர் அவர். பார்வையற்ற தர்ஷினி பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, அவளுக்குக் கணிதம் வேண்டாம், சங்கீதம் போதும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். நானும் தலையாட்டினேன்.

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

கேட்டோம். "கணக்குல பாஸாகாம உயர்தரம் படிக்க விடுவாங்களா? பாட்டுப் பாடிப் பொழச்சுக்கன்னு சொல்றீங்களா சேர்?" என்றாள் தர்ஷினி.

டீச்சர் தம் பழைய போனில், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் செயலியை ஏற்றி அவளிடம் கொடுத்தார். வினாக்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. அவள் கேட்டு, பிரெயிலில் எழுதுவாள். ஒரு வாரம் எல்லாச் சமன்பாடுகளும் பிழை. நான் அவளைத் திட்டினேன். டீச்சர் கண்களை மூடிக்கொண்டு போனைக் காதில் வைத்தார். கழித்தலைக் காட்டும் சய குறிகளை அது வாசிக்காமலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"போன் சொன்னதுக்கு இவ சரியாத்தான் செஞ்சிருக்கா சேர். நீங்க ஒருதடவையாச்சும் காதால கேட்டுப் பாத்தீங்களா?"

அன்று முதல் ‘சய’ என்று எழுத்திலேயே தட்டச்சினேன்.

சமன்பாட்டைக் கோடாக வரைந்து காட்டும் வரைபைப் போனால் சொல்ல முடியவில்லை. கோடுகளைத் தொட்டறிய நன்கொடையாக வந்த கருவியோ, கையளிப்பு விழாப் படம் எடுத்த நாளிலிருந்து அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. டீச்சர், கொழுந்து பறிக்கும்போது தம் அம்மா இடுப்பில் கட்டிய தடித்த படங்குத் துணியை வெட்டி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினார். அச்சுகளைத் தடித்த நூலால் தைத்தார்.

"இருபது வருஷம் மழையத் தாங்கின படங்கு சேர். எக்ஸையும் வையையும் தாங்காதா?"

அடக்கம் முடிந்த பின் அவருடைய அம்மா அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து தந்தார். எக்ஸ் வர்க்கம் சய நான்கின் வளைகோடு அரைகுறையாக நின்றது, ஊசி தொங்கியது. தர்ஷினியின் விரல் நூலைத் தொட்டபடி இறங்கி, அடியில் திரும்பி, அச்சுவரை ஏறி, நூல் முடிந்த இடத்தில் நின்றது.

"அடுத்தது எக்ஸ் மூணுக்கு வை அஞ்சு சேர்," என்றாள். "யாரு தைப்பா?"

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கிறது. நான் ஊசியை எடுத்தேன்.

போய் வாருங்கள் டீச்சர். என் தையல் கோணல்தான். அவள் விரல் பிழை சொன்ன இடங்களைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.