அத்தான் கண்ட பிடி

பந்தின் நுனி புல்லை முட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தைத் திரையில் போட்டவள் நான்தான். கல்லூரிப் பெடியளின் இறுதி ஆட்டம். காலால் உதைக்கிறதல்ல, கையால் எறிந்து பிடிக்கிற ஃபுட்போல். மைதானத்துக்கு வெளியே நின்ற வான் வண்டிக்குள் இருந்து, சர்ச்சை வந்தால் கமரா பிடித்ததைத் திருப்பிப் போட்டுக் காட்டுவது என் வேலை. எல்லைக்கோட்டில் வரிச் சட்டையோடு நின்ற நடுவர் என் அக்காவின் புருசன். கிழமை நாட்களில் பார்சல் லொறி ஓட்டுகிற மனுசன், சனிக்கிழமை விசில் கழுத்தில் ஏறினால் அரசன்தான். அவரைப் பெரிய லீக்குக்கு எடுக்கலாமா என்று பார்க்க அன்றைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள்.

கடைசி நிமிடத்தில் ஒருவன் விழுந்து பந்தைப் பிடித்தான். பக்கத்தில் நின்ற அத்தான், பிடி சரியென்று இரண்டு கையையும் உயர்த்தினார். மற்ற அணியின் பயிற்சியாளர் வீடியோவைப் பார்க்கச் சொன்னார். என் கைக்கு முதலில் அகப்பட்ட கமராவில் பந்து நிலத்தில் பட்டதுபோல் இருந்தது; பட்டால் அந்தப் பிடி செல்லாது. அதையே அனுப்பினேன், தீர்ப்பு மாறிவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கினால் பிறகு எதையும் மாற்ற முடியாது. அது தொடங்கிய பிறகுதான் மூலைக் கமராவைப் பார்த்தேன். பந்துக்கும் புல்லுக்கும் நடுவில் அவனுடைய விரல்கள் ஐந்தும் கிடந்தன. வாயைத் திறந்தால் வேலை போய்விடுமென்று பயந்தேன். அவ்வளவுதான், பூசி மெழுக ஒன்றுமில்லை.

எங்கள் வீடுகள் இருக்கிற அஜின்கோர்ட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தான் மெல்லக் கேட்டார், அவன் பிடித்தவன்தானே என்று.

"பந்து நிலத்திலை பட்டது படத்திலை வடிவாத் தெரியுது, அத்தான்," என்றேன். பாவி நான்.

பெரிய லீக் அவரைக் கூப்பிடவில்லை. அதைக்கூடத் தாங்கியிருப்பார். ஆனால் விசிலையும் விட்டுவிட்டார். இரண்டு தரம் கண் பரிசோதித்து, புதுக் கண்ணாடி போட்டார். லொறியைப் பின்னுக்கு எடுக்க முதல் இறங்கிப் போய்ப் பார்க்கிறார் என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் ஒளித்து வைத்திருந்த மூலைக் கமராத் துண்டைப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது.

போன மாதம், இனிப் பொறுக்கேலாது என்று, அவருடைய வீட்டுக்கே போய்ப் போனை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை ஆட்டம் நடந்த அண்டைக்கே கண்டனியோ?"

"ஓம் அத்தான்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அவர் போனை மெதுவாகத் திருப்பித் தந்தார்.

"இவ்வளவு காலமும் நான் என்ரை கண்ணிலையெல்லோ பிழையெண்டு நினைச்சன்."