மேல் போல்ட்

கல்லூரி நாட்களில், நீலசந்திராவில் எங்கள் வாசலிலேயே அப்பாவின் பழைய காருக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற அடியில் படுத்தேன். "வண்டி கெட்டுச்சுனா இனிமே சாவியத் தொடாத" என்றார் அப்பா.

எதிர்வீட்டு மெக்கானிக் சிரித்தார். "மொதல்ல கீழ் போல்ட்ட கழட்டி ஆயில எறக்கும்மா. சும்னே, சும்மா புக்கு படிச்சா ஆவுமா?"

நான் கேட்கவில்லை. புது ஆயில் ஊற்றவேண்டிய மேல் போல்ட்டைத்தான் முதலில் திருகினேன். துருவேறி அசையவே இல்லை.

"பாத்தீங்களாண்ணா? பழசை எறக்கின பிறகு இது வரலேன்னா, புதுசை எங்க ஊத்துறது? ரேடியேட்டர்லயா?"

ஸ்பேனரில் பைப் மாட்டி இழுத்தேன், கழன்றது. அதன்பிறகே கீழ் போல்ட்டைக் கழற்றி, பழசு வடிந்ததும் மூடினேன். மேல் துளையில் விட்ட விரல் நனையும்வரை புது ஆயில் ஊற்றி, பக்கத்து ஏரியா அடுகோடிவரை ஓட்டிவந்தேன்.

சாவியை அப்பாவிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.