பின்னால் ஆடிய கை

நம்பாவிட்டால் போங்கள். நான் குடித்திருக்கவில்லை, கனவும் காணவில்லை. பட்டப்பகலில், ஒரு சைக்கிள் பந்தயத்தின் நடுவில் எனக்கு நடந்தது இது.

எங்கள் ஃபிளாண்டர்ஸில் வசந்தம் வந்தால் ஞாயிறுதோறும் பந்தயம்தான். ஒரே நாளில் இருநூற்றைம்பது கிலோமீட்டர், இடையிடையே கல் பாவிய குறுகிய சாலைகள். அதில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் குழியையோ கம்பத்தையோ கண்டால், முதுகுக்குப் பின்னால் கையை ஆட்ட வேண்டும். ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு அந்தக் கைதான் கண். எதிரணிக்காரனுக்குக்கூட அதை மறுக்க மாட்டோம்.

முந்தைய ஞாயிறு என் பின்னால் வந்தவன் லோடே. என் அணிக்காரன். அவன் ஜெயிப்பதற்காக நான் முன்னால் போய்க் காற்றைத் தாங்க வேண்டும் என்று உத்தரவு. எனக்கு வயிறு எரிந்தது. சாலை நடுவே ஒரு இரும்புக் கம்பம். பார்த்தேன். விலகினேன். கையை மட்டும் ஆட்டவில்லை.

"மழையில தெரியல" என்று எல்லோரிடமும் சொன்னேன். கம்பத்தில் மோதித் தலையில் அடிபட்ட லோடே கெண்ட் நகர மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தான். அவன் மனைவி ஹிரீட், எனக்கே ஆறுதல் சொன்னாள். பாவி நான், கேட்டுக்கொண்டு நின்றேன்.

இந்த ஞாயிறும் மழை. மணி 4.10. கடைசி இறக்கத்தில் நான் தனியாக முன்னால். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் என் முதல் வெற்றி.

டிக்... டிக்... டிக்...

சக்கரச் சத்தம். எனக்கு முன்னாலிருந்து.

எங்கள் அணிச் சட்டையில் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். பின்னால் காரில் வரும் மேலாளர் பாவோவிடம் காதுக்கருவியில் கேட்டேன்.

"முன்னாடி யாரு?"

"யாருமில்லடா. நீதான் முதல். மிதி!"

நான் தலையிலிருந்து கால்வரை சேறு. அவன் முதுகில் ஒரு பொட்டு இல்லை. அவன் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவே இல்லை.

தலைக்கவசம் பின்பக்கம் பிளந்திருந்தது...

லோடே.

அவன் திரும்பவில்லை. வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் வந்தது.

ஆடியது.

பிரேக்கை இறுக்கினேன்.

"டேய், கிறுக்கா! ஏன் நிக்கற?" காதில் பாவோவின் குரல்.

வளைவுக்கு அப்பால் பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று சறுக்கி விழுந்து குறுக்கே கிடந்தது. அதே வேகத்தில் போயிருந்தால் நான் செத்திருப்பேன். அதைத் தாண்டிச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஓரமாகப் போக இடம் இருந்தது. வெற்றியும் இருந்தது.

பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு வளைவில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். அழுதுகொண்டே ஆட்டினேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் பத்திரமாகப் போனார்கள்.

மாலை ஹிரீட் போன் செய்தாள்.

"வன்னஸ்... லோடே போயிட்டான். நாலே காலுக்கு."

அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். மத்தியானத்துலேந்து அவன் வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னாடி போய் ஆடிட்டே இருந்துச்சு. நர்ஸ் எடுத்து எடுத்து வெச்சாங்க... திரும்பத் திரும்பப் போச்சு. நீயும் ஓட்டறவன்தானே. அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியல" என்றேன்.