அத்தையின் முட்டிக்குத் தேய்த்த எண்ணெய்

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறார். கற்பூர நெடி ஏறியதும் என் உள்ளங்கை பிசுபிசுக்கிறது. அறுபதுகள், செஞ்சி, எங்கள் கூடத்தில் நீண்டு கிடக்கும் அத்தையின் கால்.

நைனாவுக்கு அக்கா அவள். தினமும் மாதா கோயிலுக்கு நடந்தவள் திடீரென்று சுவரோரம் குந்திவிட்டாள். "முட்டி போச்சுடி" என்றாள். ஆறு மாதம் நானும் அம்மாவும் சூடான கற்பூர எண்ணெய் தேய்த்தோம். அடுத்தது படுத்த படுக்கைதான் என்று நைனா அழுதார்.

ஒரு மத்தியானம், யாருமில்லை என்று எழுந்து நடந்த அத்தை, முற்றத்தில் தூண் போட்டிருந்த நிழலைக் காலை உயரத் தூக்கித் தாண்டினாள். அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, நெழலப் போய்த் தாண்டுறீங்க? கண்ணு தெரியலியா?"

அத்தை தலை குனிந்தாள். "எது நெழலு, எது படின்னு புரியலடி. எங்கியாவது விழுந்து உங்களுக்குப் பாரமாயிடுவேன்னுதான் குந்திட்டேன்."

"அப்ப முட்டி?"

"அதுக்கின்னா, கல்லாட்டம் இருக்குது."

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கண்புரை எடுத்து, சோடாபுட்டிக் கண்ணாடியும் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை கோயிலுக்குக் கிளம்பினாள். தெருமுனையில் கோட்டை மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு நிற்கவே இல்லை. நைனா வேட்டியை மடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"யக்கா, கொஞ்சம் நில்லு, மூச்சு வாங்குது!"